நாணமும் அமானிதமும்



வருஷத்திற்கொரு முறை சரக்கு இருப்பெடுத்து ஐந்தொகை பார்க்காத வியாபாரி நம்மில் இல்லை. ஆனால், அல்லாஹ் நம்மிடம் அமானிதமாகத் தந்துள்ள பெண்மக்களின் உடல்நலத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கேட்டால், "அவள் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறோம். ஏன் சொல்லவில்லை? நாணம் என்கிறோம்.

நாணம் ஈமானோடு ஒட்டிய பண்பு, அதில் ஐயமில்லை. நோயை மறைப்பது நாணமாகுமா என்பதே கேள்வி. மதீனத்து அன்ஸாரிப் பெண்கள் தங்கள் உடல் சம்பந்தமான மஸ்அலாக்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தயங்காது கேட்டறிந்தார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு வைத்தியம் செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. பெண் டாக்டர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் ஆண் டாக்டர் தேவையான அளவுக்குப் பார்ப்பதையும் நமது சட்ட நூல்கள் அனுமதிக்கின்றன. மார்க்கம் அடைக்காத கதவை நாம் அடைக்கலாமா?

இந்நாட்டில் 1957-இல் லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 280 தாய்மார்கள் மரித்தனர். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளாலும் கிராமச் சுகாதார நிலையங்களாலும் 2000-ஆம் ஆண்டையொட்டி அது 30 அளவுக்கு இறங்கிற்று. பிரசவத்திற்கு ஆஸ்பத்திரி செல்ல நாணம் தடையாகவில்லை. மார்பில் தோன்றும் கட்டிக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? மலேசியப் பெண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. முற்றிய பின் வருவோர் பலர். முந்தி வந்தால் பிழைக்க வழி அதிகம்.

பிரசவம் காத்திராது, ஆகவே கடையை விட்டு ஓடுகிறோம். கட்டி வலிக்காமல் காத்திருக்கும். ஆகவே நாமும் காத்திருக்கிறோம். கடை அடைபடுமே, செலவாகுமே, அழைத்துச் செல்ல ஆளில்லையே என்று அவள் வாய் மூடியிருக்கிறாள். அந்த மௌனம் நமக்குக் காசு மிச்சமாக்குவதால், அதற்கு நாணம் என்று அழகிய பெயர் சூட்டிவிட்டோம். உண்மையில் அவள் காத்தது நமது கல்லாப்பெட்டியை.

கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே துங்கு அஸிஸா மருத்துவமனை இருக்கிறது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. அதைத் தடுக்கும் ஊசியைப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டம் 2010-இல் துவங்கிற்று. இவ்வசதிகளை இன்னும் பெருக்கும்படியும், பெண் டாக்டர்களை அதிகம் அமர்த்தும்படியும் அரசாங்கத்தைக் கேட்பது நமது உரிமை. இருப்பதற்கு அழைத்துச் செல்வது நமது கடமை.

ஆகவே சகோதரர்களே, அவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல் நாமே கேட்போம். வருஷத்தில் அரை நாள் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, நாமே உடன் செல்வோம். மறுமையில் அமானிதத்தின் கணக்கு கேட்கப்படும்போது, "அவள் சொல்லவில்லை" என்ற பதில் செல்லுமா? வல்ல அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.