களா இல்லாத நாட்கள்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில், 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல், 1885-இல் தொடங்கி இன்றும் ஜனங்கள் வாயில் ‘கோஷா ஆஸ்பத்திரி’யாகவே இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆகிய மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் விலக்கு என்பதற்கு இந்த வட்டாரத்தில் பல கணக்குகள் உண்டு. மாட வீதி வைணவ வீடுகளில் பத்து நாள் தீட்டு. பதினோராம் நாள் வாத்தியார் வந்து, கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தெளித்தால்தான் வீடு பழையபடி ஆகும். பள்ளிவாசல் பக்கம் கேட்டால், ஹனஃபி சட்டப்பிரிவினருக்கு அதிகபட்சம் 40 நாள், ஷாஃபி பிரிவினருக்கு 60 என்பார்கள். 1961-ஆம் ஆண்டு பேறுகாலச் சட்டமோ, பிரசவத்துக்கு அடுத்த 6 வாரம் அவளை வேலை வாங்கவே கூடாது என்றது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் தந்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். எண்கள் வேறுபடட்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த நாட்கள் கடனா, தள்ளுபடியா?

இஸ்லாமியச் சட்டம் இதற்கு நுட்பமான ஒரு விடை வைத்திருக்கிறது. பேற்று உதிரம் நிற்கும்வரை பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்டுப்போன நோன்பை அவள் பிறகு களாவாக, அதாவது ஈடாக, பிடிக்க வேண்டும். விட்டுப்போன தொழுகைக்குக் களா கிடையாது. வேளைக்கு ஒன்றாக ஐந்து, 40 நாளைக்கு 200 தொழுகை. அத்தனையும் அவள் கணக்கில் ஏறாமலே போகின்றன. நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம், ஈடுகட்டிவிடலாம். தொழுகை அன்றாடம் வருவது, சேர்ந்தால் சுமை தாங்காது என்று காரணம் சொல்வார்கள். தீட்டிலும் இந்தப் பாகுபாடு உண்டு. பத்து நாள் நின்றுபோன திருவாராதனத்தை, அதாவது வீட்டுப் பெருமாளுக்கான அன்றாடப் பூஜையை, பதினோராம் நாள் யாரும் பத்து மடங்காகச் செய்வதில்லை. நடுவில் வந்த சிராத்தத்தை மட்டும் தீட்டுக் கழிந்ததும் செய்கிறார்கள். தள்ளிப்போடுவது வேறு, தள்ளுபடி செய்வது வேறு என்பது இரண்டு மரபுக்கும் தெரிந்திருக்கிறது.

அலுவலகத்துக்கு அது தெரியவில்லை. விடுப்பெடுத்தவளை அதற்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ‘ஆறு மாசம் வீட்டில்தானே இருந்தீங்க’ என்ற பேச்சை அதனால் தடுக்க முடியவில்லை. திரும்பி வந்ததும் கூடுதல் வேலை, தள்ளிப்போன பதவி உயர்வு என்று அந்த நாட்கள் வசூலிக்கப்படும்போது, ‘எத்தனை நாள் எடுக்கலாம்’ என்று யோசிப்பவள் உண்மையில் எவ்வளவு கடன் தாங்கும் என்றுதான் யோசிக்கிறாள். ஆகவே முடிவை இரண்டு அடுக்காகப் பிரிப்பதே நியாயம். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 6 வாரம் ஆகிறது. சட்டத்தின் 42 நாளும் மரபின் 40 நாளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அந்தக் காலம் பேரத்துக்கு அப்பாற்பட்டது. அதற்கு மேலே குழந்தையின் பசி அளவுகோலாகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 6 மாதமும் சட்டத்தின் 26 வாரமும் ஒன்றுதான். குர்ஆன் பாலூட்டலுக்கு முழு இரண்டு ஆண்டு குறிக்கிறது. ஆனால் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் ஒப்பினால் முன்னமே பால்குடி மறக்கச் செய்யலாம் என்றும் இடம் கொடுக்கிறது. முடிவு அவள் தலையில் மட்டும் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தீட்டு என்ற சொல்லையே தூக்கிப்பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். பெற்றவளை அசுத்தம் என்று ஒதுக்கி, ஓரமாகப் பாய்போட்டு வைத்த வழக்கம் அது. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. காரணம் தவறு என்பதால், கிடைத்த விலக்கும் தவறாகிவிடாது. இன்னொன்று: பிறப்புத் தீட்டு தாயோடு நிற்பதில்லை, தகப்பனுக்கும் உண்டு, பங்காளிகளுக்கும் உண்டு. ஒரு பிறப்புக்காகக் குடும்பமே தன் சடங்குகளை நிறுத்திக்கொண்டது. இன்று மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு; தனியார் நிறுவனத் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப விரும்பும் பெண்ணை நீண்ட விடுப்பு கட்டிப்போடாதா என்றும் கேட்கலாம். ஹனஃபிகளின் 40 உச்சவரம்புதான். உதிரம் முன்பே நின்றால் குளித்துத் தொழ வேண்டியதுதான். ஆறு வாரத்துக்கு மேற்பட்ட விடுப்பையும் அப்படியே கொள்ளலாம்: எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, எடுத்தால் கணக்குக் கேட்கக் கூடாது.

செலவு யாருடையது என்பது கனமான ஆட்சேபம். 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழுந்தால், பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள். உண்மை. பங்காளித் தீட்டு கற்றுத்தருவதும் அதையே: சுமையைப் பலர் பகிர வேண்டும். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு அந்தச் சம்பளம் பொது நிதியிலிருந்துதான் வருகிறது. அந்த வழியை எல்லோருக்கும் விரிக்கலாம். ஏனென்றால் கோயில் வாசலில் பூ கட்டி விற்பவளுக்கு முதலாளியே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியைத் தவிர, உட்கார்ந்த நாளெல்லாம் அவளுக்கு நஷ்டம். வட்டிக்கு வாங்கித்தான் அவள் அந்த நாற்பது நாளைக் கழிக்கிறாள் என்றால், கடவுள் விட்டுக்கொடுத்த நாட்களை வட்டிக்காரர் வசூலிக்கிறார் என்று பொருள்.