கோடியுள் ஒன்று

எண்ணிக்கை பெருகப் பெருக ஒன்றன் மதிப்புக் குறைந்துவிடுமா? நீரில் அளவிலா உயிர்கள் உள. வடிகட்டி அருந்துவதால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று நம் இல்லத்து இளையோர் வினவுகின்றனர். அவ்வினாவைக் கடிந்து ஒதுக்குதல் தகாது; விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜைனக் கணித மேதை மகாவீராசாரியர். அவர் இயற்றிய கணித சார சங்கிரகம் 1912-இல் எம். ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் வெளிவந்தது. ஒன்று முதல் ஆறு வரை ஏறி, முறையே இறங்கும் ஓர் எண்ணை அந்நூல் சுட்டுகிறது: 12345654321. அதாவது 1234 கோடியே 56 இலட்சத்து 54 ஆயிரத்து 321. எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத மணிமாலை அது.

இவ்வெண் 111111-இன் வர்க்கமாகும். பெருக்கும்போது 111111 ஆறு வரிசைகளாக, ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்புறம் தள்ளி நிற்கும். மேலிருந்து கீழாகக் கூட்டினால், ஒவ்வோர் இலக்கமும் அந்த நிரலில் நிற்கும் ஒன்றுகளின் தொகையே. நடுவில் ஆறு, ஓரங்களில் ஒன்றே ஒன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகை 36. வரிசைகளில் நின்ற ஒன்றுகளும் 36. மேலும் 3, 7, 11, 13, 37 என்னும் பகா எண்கள் ஐந்தும் இதனை மீதியின்றி வகுக்கும்.

இனி, வலது ஓரத்து ஒன்றை மட்டும் நீக்குவோம். 12345654320 எஞ்சும். மாலை அறுந்தது. ஒரே சுழியில் முடியும் எண் வர்க்கமாகாது. ஆதலின் அப்பண்பும் போயிற்று. முன்னர் வகுத்த பகா எண்கள் ஐந்தனுள் ஒன்றும் இதனை வகுக்காது. ஆயிரங்கோடிக்கு மேற்பட்ட எண்ணில் ஒன்று குறைந்ததன் விளைவு இது.

கணக்கு வேறு, அறம் வேறு என்பர். உண்மையே, எண் நமக்கு அறம் விதிப்பதில்லை. ஆயினும் "பெரிதினுள் ஒன்று பொருட்டன்று" என்னும் சொல் கணக்கிலேயே நில்லாதபோது, அதனை அறத்திற்கு எங்ஙனம் சான்றாக்குவது? உயிரைப் பொறுத்தவரை நியாயம் இன்னும் தெளிவு. எறும்புக்குத் தன் உயிர் கோடியில் ஒரு பங்கு அன்று; அதுவே முழுமை. எல்லாவுயிரையும் காத்தல் இல்லறத்தார்க்கு இயலாது. இயலாமை காக்கக்கூடிய ஒன்றைக் கைவிடுதற்குக் காரணமாகாது.

நம் ஆகமங்கள் எண்ணைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூன்றாக வகுத்தன. எண்ணிலடங்காதது என்று கண்டபின்னும் முன்னோர் கணக்கைக் கைவிடாது, அதனையும் வகைப்படுத்தினர்.

அவனியாபுரத்தில் வாழ்வோர்க்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலை தொலைவன்று. அங்கே பேச்சிப்பள்ளத்துத் திருவுருவங்களின் கீழ், செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. "ஊரார்" என்று பொதுவாய் எழுதி முடிக்கவில்லை.

தமிழ்ச் சமணராகிய நாம் தொகையில் சிறியோம். "நான் ஒருவன் தவறினால் என்ன?" என்று கருதும்போது, ஓரத்து ஒன்றை நினைப்போமாக. வடிகட்டிய நீரை இளையோர் கையில் தரும்பொழுது இக்கணக்கையும் உடன் சொல்லித் தருவோம்.