வருந்தினால் போதுமா?

2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தின் டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தைய நாளே விரிசல் கண்டிருந்தும், தையல் தொழிலாளர்களை வேலைக்கு வரச்சொல்லி வற்புறுத்தியிருந்தார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் தைத்தது மேலை நாட்டுக் கடைகளில் மலிவாக விற்கும் உடைகளை.

அந்த மலிவை அனுபவிப்பவர் மனம் உறுத்துவது நியாயமே. ஆனால், உறுத்தல் மட்டும் யாருக்கும் சோறு போடாது. தொழிற்சங்கங்களும் வாங்குவோரும் குரல் எழுப்பி நெருக்கியதால்தான், பெரிய நிறுவனங்கள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைகளில் சோதனைகள் நடந்தன.

வசதியாக வாழ்வது பாவமல்ல. அந்த வசதிக்காக யார் எவ்வளவு கூலிக்கு உழைத்தார் என்று கேட்காமல் இருப்பதுதான் தவறு. வருத்தத்தைக் கேள்வியாக்குவோம், கேள்வியை விடாமல் கேட்போம்.