கோடியக்கரை: காலம் பார்த்துப் போக வேண்டிய கரை

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து இறங்கி வந்து, வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி மேற்கு நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் இருக்கும் சிற்றூர் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல் இரைந்துகொண்டிருக்கும். தெற்கே பாக் நீரிணை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் கதிரவன் கடலில் எழுந்து கடலிலேயே மறைவதை ஒரே ஊரில் நின்று பார்க்கலாம். பெரிய விடுதிகளோ கடலாடிக் களிப்பதற்கான வசதிகளோ இங்கே இல்லை. இருப்பவை காடு, சதுப்பு, உப்பளம், மீன்பிடித்துறை, கோயில்.

விடுமுறைக்குப் போகிறவர் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் வழக்கமாக இடங்களின் பெயர்களே பதிலாக வரும். கோடியக்கரைக்கு அந்தப் பதில் போதாது. பறவை வரும் மாதத்தில் உப்பு விளையாது. உப்பு விளையும் மாதத்தில் சதுப்பு காய்ந்து கிடக்கும். எந்த மாதம் வந்தோம் என்பதை வைத்தே இந்தக் கரை தன்னைக் காட்டும். ஆண்டெல்லாம் அலுவலக மணிக்கும் பள்ளி மணிக்கும் ஓடுகிற மனிதருக்கு, தன் வசதிக்கு வளையாத ஒரு காலக்கணக்கில் நான்கு நாள் வாழ்ந்து பார்ப்பதே பெரிய ஓய்வு. அதற்கு இடம் தரும் ஊர்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேதாரண்யம் சதுப்பு நிரம்புகிறது. அதையொட்டி வடக்கிலிருந்து பறவைகள் இறங்கத் தொடங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை உச்சக் காலம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. பலரும் பூநாரைக்காகத்தான் வருகிறார்கள். அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் அமிழ்த்திச் சேற்றுநீரை அரித்து உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் உணவிலிருந்து வருவது: உவர்நீரில் வளரும் பாசியிலும் நுண்ணிய இறால் வகைகளிலும் உள்ள நிறமி இறகில் ஏறுகிறது. ஆனால் பொறுமை உள்ளவர் கண்கொட்டாமல் பார்க்க வேண்டியது கொசு உள்ளானை. முப்பது கிராம் எடைகூடப் பெரும்பாலும் இல்லாத இந்தக் குருவியளவுப் பறவை, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றில் இரை தேட வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தை ஆராய்ந்து வருகிறது.

இந்தப் பறவைகள் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. கூட்டம் எழும்பிப் பறக்கும் காட்சிக்காக அருகில் போய் விரட்டினால், ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கொஞ்சம் கரையும். கரைமேல் ஓரிடத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பதே முறை. அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் பறவைகள் தாமாகவே நெருங்கி வருவதும் உண்டு.

காடு இன்னொரு வகை. கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த வறண்ட பசுமைமாறாக் காடு இது. பாலை மரமே இதில் மிகுதி. திறந்த புல்வெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன. முறுக்கிய கொம்புள்ள கருநிற ஆண்மானைப் பார்க்க மழை ஓய்ந்த மாதங்களின் காலைப்பொழுது ஏற்றது. வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகிய மட்டக்குதிரைகளும் உண்டு. பார்ப்பவருக்கு அவை அழகுதான். மானுக்கோ புல்லில் பங்காளி. காட்டுக்குள் மேடாக இருக்கும் ராமர் பாதத்தில் ஏறி நின்றால் சதுப்பின் விரிவு முழுதும் கண்ணில் படும். சோழர் காலத்தது எனச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கின் சிதைவு 2004 ஆழிப்பேரலையில் போய்விட்டது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலின் வடு இன்னும் ஆழமானது. காட்டு மரங்களோடு வேதாரண்யம் வட்டாரத்தின் தென்னையும் மாவும் சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் மடிந்தன. அழகிய கரை என்று வந்து நிற்பவர், அதே கடல் இந்த மக்களுக்குச் செய்ததையும் அறிந்திருப்பது நல்லது.

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரை மீன்பிடிக் காலம். நாகை, மயிலாடுதுறை, கடலூர்ப் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் குடில் போட்டுத் தங்கி, ஃபைபர் படகுகளில் தொழில் செய்கிறார்கள். வாவல், காலா, ஷீலா, நண்டு, இறால் எனப் படகு கொண்டுவருவது கரையிலேயே ஏலம் போகும். ஏலத்தை ஓரமாக நின்று பார்க்கலாம். வலையில் சிக்கிய மீனைப் பிரிக்கும் கைகளின் வேகத்தைப் பார்க்கலாம். அது அவர்களின் தொழிலிடம். விரித்த வலையை மிதித்து நடப்பதும், கேட்காமல் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுவதும் விருந்தாளிக்கு அழகில்லை. வேண்டிய மீனைச் சொன்ன விலைக்கு வாங்கி, சமைத்துத் தர ஒரு வீட்டைக் கேட்டுக்கொள்பவருக்குப் பேச்சும் கிடைக்கும்: வாடை எப்போது விழும், சோழகம் எப்போது தொடங்கும், எந்தக் காற்றில் எந்த மீன் என்பதையெல்லாம் அந்தப் பேச்சில்தான் கேட்க முடியும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட இதே கரைக்கு வருகின்றன. வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

பள்ளி விடுமுறையான மே மாதத்தில் வருபவருக்குப் பூநாரைக் கூட்டம் அமையாது, உப்பு அமையும். பலர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இந்த உப்பளங்களுக்கு ஒரு காலைப்பொழுதை முழுதாகக் கொடுக்க வேண்டும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். உப்புக்கு முன்பே பிரிந்து படிவது ஜிப்சம். நீர் மேலும் கெட்டியானபின் கடைசிப் பாத்தியில் உப்பு மணி பிடிக்கும். அதற்குமேல் சுண்டவிட்டால் கசப்புச் சேர்ந்துவிடும் என்பதால் மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை வாரிக் குவிக்கும் வேலை விடியுமுன்பே தொடங்குகிறது, ஏனென்றால் வெயில் ஏறினால் வெண்பரப்பின் கூச்சத்தைக் கண் தாங்காது. கால் வெடிப்புகளில் உப்புநீர் இறங்கும் வலியோடுதான் அங்கே நிற்கிறார்கள். பருவம் தப்பிய ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். இவ்வட்டாரப் பெண்களின் உழைப்பையும் பாடுகளையும் சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ நாவல் சொல்கிறது. படித்துவிட்டு வருவது நல்லது.

இதே உப்பை எடுத்து ஆங்கிலேயர் சட்டத்தை மீற, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் வந்தார். 30-இல் அருகிலுள்ள அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் வழியோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூணின் முன் நிற்பவர் அந்தப் பெயர் தெரியாத கைகளையும் நினைக்க வேண்டும்.

வேதாரண்யம் கோயிலின் மூடிய கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது மரபு. கோடியக்கரைக் குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்காற்று அடிக்கும் கரையில் துணையின்றி இருக்கிறாயே என்று இறைவனிடம் இரங்கிப் பாடினார். கல்கியின் நாவலில் வரும் பூங்குழலியைத் தேடி வரும் வாசகர்களும் இந்தக் கோயிலுக்கே வருகிறார்கள். ஆடி, தை அமாவாசைகளில் கடலாட வரும் கூட்டத்தால் ஊர் நிறைந்துவிடும். அமைதி வேண்டுவோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம்.

வேதாரண்யத்தில் தங்கிக்கொண்டு பேருந்தில் போய்வருவது எளிது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை அகலப்பாதையாகி 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு நாள் மிச்சமிருந்தால் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். ஆற்றுவழியே படகு மெல்ல உள்ளே போகும். இரு கரையிலும் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். முடிவில் காயல் விரியும். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, குடிநீரும் சோறும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.