சப்தம் நித்தியமா?

பூர்வ மீமாம்சகர்களுக்கும் நையாயிகர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நடந்த வாதங்களுள், சப்தம் நித்தியமா அநித்தியமா என்ற வாதத்தைப் போல் இக்காலத்தவருக்குப் பயனற்றதாகத் தோன்றுவது வேறொன்று இராது. வேதத்தின் பிரமாணத்தை நிலைநாட்டும் பொருட்டு மீமாம்சகர், எழுத்தொலி என்றென்றும் உள்ளது, நாவும் உதடும் செய்யும் முயற்சி அதை உண்டாக்குவதில்லை, வெளிப்படுத்துவதோடு சரி என்றனர். முயற்சிக்குப் பின் தோன்றி மறு கணம் மறைவதாக எல்லோரும் அறியும் ஒன்றை நித்தியம் என்பது எங்ஙனம் என்று நையாயிகர் மறுத்தனர். இந்தப் பழைய வழக்கை நான் மீண்டும் எடுத்துப் பார்க்க நேர்ந்தது ஏட்டுச் சுவடிகளால் அன்று. அமெரிக்காவில் செய்யப்பட்ட அனலாக் சிந்தசைசர்களின் பழைய உருவங்களையும் புதிய உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் ரசிகர்கள் தமக்குள் ஓயாது நடத்தும் தர்க்கத்தால்.

ராபர்ட் மூக் என்பவரின் கம்பெனி, நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான ட்ரூமன்ஸ்பர்க்கில், 1970-இல் மினிமூக் என்ற வாத்தியத்தை வெளியிட்டது. 44 கட்டைகளும், மூன்று அலையியற்றிகளும், டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஏணிப்படிகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த ஒரு வடிப்பானும் கொண்ட இது, 1981 வரை உற்பத்தியில் இருந்தது, பிறகு நின்றது. 2016-இல், மூக் மறைந்து பதினோராண்டுகள் ஆன பின், வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் அவர் பெயர் தாங்கிய கம்பெனி அதே மின்சுற்றை, பாகங்களைப் பலகையின் துளைகளில் செருகிப் பற்றவைக்கும் பழைய முறையிலேயே மறுபடி செய்யத் தொடங்கிற்று. வரைபடம் ஒன்று, பெயர் ஒன்று, உருவமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பழையதில் உள்ள கனமும் வெதுவெதுப்பும் புதியதில் இல்லை என்று ஒரு சாராரும், இரண்டும் ஒரே நாதம்தான், வேற்றுமை கேட்பவர் மனத்தில் உள்ளது என்று மற்றொரு சாராரும் இன்றளவும் வாதிடுகின்றனர். முன்னவர் நையாயிகர் என்றும் பின்னவர் மீமாம்சகர் என்றும் எனக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

அந்த வெதுவெதுப்பு என்பது யாது? இரண்டு அலையியற்றிகளை ஒரே சுருதியில் சேர்த்து, ஒரே கட்டையை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால், நாதம் அசையாமல் நிற்பதில்லை. மெல்லத் தடித்து, மெல்ல மெலிந்து, மீண்டும் தடிக்கிறது. ஒன்று வினாடிக்கு 220 அதிர்வும் மற்றது 220.5 அதிர்வும் கொண்டிருந்தால், இரண்டு வினாடிக்கு ஒரு விம்மல் எழும். இதோடு முடிவதில்லை. ரம்பப் பல் போன்ற அலையில் அடிச் சுரத்தின் இருமடங்கும் மும்மடங்குமான மேற்சுரங்கள் யாவும் கலந்திருப்பதால், இருமடங்குச் சுரம் வினாடிக்கு ஒரு முறையும், மும்மடங்குச் சுரம் இரண்டு வினாடிக்கு மூன்று முறையும், அதற்கு மேற்பட்டவை இன்னும் விரைவாகவும் விம்ம, ஒரே சுரத்துக்குள் பல வேகங்களில் பல அலைகள் புரண்டுகொண்டே இருக்கின்றன. தம்புராவின் சாரணியும் அனுசாரணியும் அணுவளவு பிசகி நிற்கும்போது எழும் நடமாட்டத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதன்று.

அரை அதிர்வு வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், விஷயம் இன்னும் ருசிகரமாகிறது. இவ்வாத்தியத்தில் ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது விதி. அவ்விதியை நடத்திவைப்பது டிரான்சிஸ்டரின் ஓர் இயல்பு. அவ்வியல்போ வெப்பத்துக்கு வசப்பட்டது. பரிகாரம் ஒன்றும் செய்யாவிட்டால், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறும்போது ஸ்தாயியின் அளவு 1,000-இல் 3 பங்குக்குச் சற்று மேல் பிசகும். ஐந்து டிகிரி மாறினால், மூன்று ஸ்தாயிக்கு அப்பால் சுருதி அரைச் சுரத்தில் பாதிக்கு மேல் விலகிவிடும். ஆகவேதான் வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடைகளைக் கொண்டு இப்பிசகை ஈடுசெய்கிறார்கள். ஈடுசெய்த பின்னும் சிறு எச்சம் நிற்கிறது. அறையின் வெக்கை, கருவியின் உட்சூடு, விசையைப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது ஆகிய எல்லாம் அந்த எச்சத்தின் வழியே நாதத்துக்குள் நுழைகின்றன.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. இந்த எச்சத்தை அழகு என்று அதைச் செய்தவர்கள் கருதவில்லை. குறை என்றே கருதினார்கள்; அதை ஒழிக்கவே பாடுபட்டார்கள். மினிமூக்கின் வடிப்பானுக்குள், கணக்குப் பிசகினால், உத்தேசித்ததைவிட மிகுந்த வலுவோடு ஒலி செலுத்தப்பட்டது என்றும், அந்த மிகையே அதன் கனத்துக்கு ஒரு காரணம் என்றும் பின்னாளில் தெரியவந்தது. ஆக, கர்த்தா தள்ள நினைத்ததையே ரசிகன் கொண்டாடுகிறான்.

மீமாம்சகர் இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு சொல்வதுண்டு. ககாரத்தை ஒருவன் உரக்கச் சொல்கிறான், ஒருவன் மெல்லச் சொல்கிறான்; ஆயினும் அதே ககாரம் என்று நாம் அடையாளம் காண்கிறோம்; ஆதலால் உரப்பும் மென்மையும் வர்ணத்தின், அதாவது எழுத்தொலியின், தர்மங்கள் அல்ல, அதை வெளிப்படுத்தும் த்வனியின் தர்மங்கள் என்பர். இவ்வழியே நோக்கின், மின்சுற்றின் வரைபடம் வர்ணம். வெப்பத்தால் வரும் அசைவு த்வனி. சுத்தமாகப் பிரிந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் சமயத்தில்தான், டேவ் ஸ்மித் என்பவரின் ப்ராஃபெட்-5 வந்து அந்நிம்மதியைக் குலைக்கிறது.

1978-இல் கலிபோர்னியாவில் வெளியான இவ்வாத்தியம் ஒரே சமயத்தில் ஐந்து சுரங்களை ஒலிக்க வல்லது. குரலுக்கு இரண்டாகப் பத்து அலையியற்றிகள். அவை தத்தம் போக்கில் விலகாமல் இருக்க, தானே சுருதி கூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. 2020-இல் ஸ்மித் இதன் நான்காம் திருத்தத்தை வெளியிட்டபோது, முகப்பிலே ‘விண்டேஜ்’ என்று பெயரிட்ட ஒரு குமிழைச் சேர்த்தார். அக்குமிழ் நான்கில் நின்றால் வாத்தியம் நிலையாக ஒலிக்கும். மூன்று, இரண்டு என்று திருப்பத் திருப்ப, குரலுக்குக் குரல் சிறு பிசகுகள் கூடும். ஒன்றுக்கு வந்தால் முதல் திருத்தத்துப் பழைய வாத்தியம்போல் ஐந்து குரலும் ஐந்து விதமாகும். மீமாம்சகர் த்வனி என்று ஒதுக்கிய அசைவு இங்கே வரைபடத்துக்குள்ளேயே ஏறி, எண்ணிட்ட ஒரு குமிழாகி, வர்ணமாகவே ஆகிவிட்டது. தற்செயலை விதியாக்கிய பின் அதைத் தற்செயல் என்று எவ்விதம் அழைப்பது? பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதினாலும் இக்குமிழ் எழுப்பும் கேள்வியை இதைவிடக் கூர்மையாக எந்தத் தர்க்க நூலும் எழுப்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பழமைக் கட்சியினர் இதைக் கேட்டு, பார்த்தீர்களா, அசல் அசல்தான் என்று மகிழ்வார்களாயின், அவர்களுக்குப் பௌத்தர் ஒரு விடை வைத்திருக்கின்றனர். சிரைத்த பின் மறுபடி வளர்ந்த மயிரைக் கண்டு, அதே மயிர் என்று நாம் சொல்வதில்லையா? அடையாளம் காண்பதால் மட்டும் ஒரு வஸ்து நிலைத்திருப்பதாகிவிடாது என்பது அவர்கள் வாதம். 1970-ஆம் ஆண்டு மினிமூக் ஒன்று இன்று நம் முன் இருந்தால், அதன் மின்தேக்கிகள் உள்ளிருந்த திரவம் உலர்ந்து மாற்றப்பட்டிருக்கும்; விசைகளின் தொடுமுனைகள் துலக்கப்பட்டிருக்கும்; மாற்றப்படாத பாகமும் ஐம்பதாண்டு முதுமையால் தன் அளவிலிருந்து விலகியிருக்கும். அன்று ட்ரூமன்ஸ்பர்க்கில் முதன்முதல் கேட்டவர் காதில் விழுந்த நாதம் அதனிடத்தும் இல்லை. பழைய பெட்டி பழைய ஒலியைப் பொன்போல் பொதிந்து வைத்திருக்கிறது என்று நம்பி அதற்குப் பெரும் பொருள் கொடுப்பது, நாதத்தை விட்டு மரத்தையும் தகட்டையும் பூஜிப்பதாகும். அதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

ஆகவே நையாயிகர் பக்கமே நான் சாய்கிறேன். ஒலி ஒவ்வொரு முறையும் பிறக்கிறது, ஒவ்வொரு முறையும் அழிகிறது. பழையதும் புதியதும் ஒன்றன் நகல் ஒன்றல்ல, இரண்டும் அந்தந்தக் கணத்தில் மெய்யே. ஆனால் ஒரு வேற்றுமையை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. குமிழ் தரும் பிசகு கருவிக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிறது. வெப்பம் தரும் பிசகோ ஜன்னலைத் திறந்தால் மாறுகிறது, அந்தி குளிர்ந்தால் மாறுகிறது. தான் இருக்கும் இடத்தை அறிந்து ஒலிக்கும் பொருள் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. நல்ல வேளையாக, இவ்வியல்பு பழமைக்கு மட்டும் உரிய சொத்து அன்று. ஆஷ்வில்லில் செய்த புதிய மினிமூக்கின் டிரான்சிஸ்டரும் வெப்பத்துக்கு வசப்பட்டதே.

வாசகருக்குப் பழைய மினிமூக், புதிய மினிமூக் இவ்விரண்டில் எதையேனும் கேட்கும் வாய்ப்பு எங்கேனும் கிட்டுமாயின், அது எந்த ஆண்டில் செய்தது என்று முதலில் கேட்க வேண்டாம். விசையைப் போட்டு, கருவி சூடேறிச் சுருதி நிலைபெறும் வரை அரை மணி நேரம் அருகே இருங்கள். பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்தி, விம்மல் எழுந்து அடங்கும் வரை விரலை எடுக்காமல் கேளுங்கள்.