உழவாரமும் கொசுப்புழுவும்



உழவாரப் பணி என்றால் என்ன என்று நம் சமய வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். உழவாரத்தோடு நிற்கும் அப்பர் சுவாமிகளைத் தெரியாதவர் யார்? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நானும் அப்படி ஒப்பித்துப் பரிசு வாங்கியவன்தான்.

போன வருடம் எங்கள் கோயில் திருவிழா முடிந்ததும் துப்புரவுக் குழுவுக்கு நான் பொறுப்பு. மண்டபத்தைக் கழுவினோம், தரையைத் தேய்த்தோம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். பால்குடங்கள், அன்னதான வாளிகள், தேங்காய் மூடிகள் எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கிவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். அன்று இரவே மழை.

மூன்றாவது வாரம் சுகாதார இலாகா அதிகாரி ஒருவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பால்குடத்தை என் முன்னால் மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்த வாரமே என் தம்பிக்கு டிங்கி. பிளேட்லெட் 28,000-க்கு இறங்கிவிட்டது. 150,000-க்கு மேல் இருக்க வேண்டியது. அவனைக் கடித்த கொசு எங்கள் குடத்தில் பிறந்ததுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தினமும் கோயிலுக்கு வருகிறவன் அவன். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துதான் கொசுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருளாம். சதுப்பு நிலத்துக் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று உலகம் பல நூற்றாண்டுகள் நம்பியது. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு.

அந்தக் கண்டுபிடிப்பு நம் கிள்ளானுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், ஆட்கள் காய்ச்சலில் வரிசையாக விழுந்தார்கள். வாட்சன் கால்வாய் வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார், காட்டை அழித்தார். காய்ச்சல் குறைந்தது.

இனிமேல் வருவதை நான் இரண்டு முறை படித்தேன். சிவில் பொறியியல் படிக்கிறவன் என்பதால் மட்டுமல்ல. மலைப்பக்கத் தோட்டங்களில் அதே மாதிரி காட்டை அழித்தபோது மலேரியா அதிகமானது! சமவெளியில் இருந்த கொசு வகைக்கு நிழல் வேண்டும். மலையில் இருந்த வகைக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். மரத்தை வெட்டினால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அந்தத் தோட்டங்களில் செத்தவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் எத்தனையோ பேர். பிறகுதான் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுபோனார்கள். அதே கோடாரி, அதே வியர்வை, அதே நல்ல எண்ணம். எந்தக் கொசு என்று தெரியாததுதான் குறை.

திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகினார்; சூலை நோயோடு வந்த தம்பிக்கு அங்கேதான் வழி பிறந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சரியையை முதல் படி என்று சொல்லிவிட்டு நாம் ஞானத்துக்குத் தாவிவிடுகிறோம். கூட்டுகிற கைக்கே கொஞ்சம் ஞானம் வேண்டியிருக்கிறதே! நம் முன்னோர் எல்லா அறிவியலையும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்பர் காலத்தில் ஏடிஸ் கொசுவை யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் குடத்தை நிமிர்த்தி வைத்தவன் நான்.

ஏடிஸுக்குச் சாக்கடை தேவையில்லை. பால்குடத்து மழைநீரே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். அது அதிகம் கடிப்பது காலையிலும் அந்தி நேரத்திலும், சரியாக நம் பூஜை நேரத்தில். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் வேலை முடியாது. முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும். புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜைக்கு முன் அரை மணி நேரம் இந்த வேலைதான். பூந்தொட்டித் தட்டு, கூரைப் பீலி, வாகனக் கொட்டகைத் தார்ப்பாய் மடிப்பு, எதையும் விடுவதில்லை. டார்ச் பிடிப்பது தம்பி. போன வாரம் நவக்கிரகத்துக்குப் பின்னால் கிடந்த ஓர் அகலைக் கையில் எடுத்து, "அண்ணா, இதை யார் வச்சது?" என்று கேட்டான். நான்தான் வைத்திருந்தேன்.