கடைக்கார நானாவின் நியாயம்

மலையகச் சிறுகதைகளில் எட்டிப் பார்க்கும் முஸ்லிம் பெரும்பாலும் கடைக்காரர்தான். கடன் கொடுப்பார், கொப்பியில் கூட்டி எழுதுவார், சம்பள நாளில் வந்து நிற்பார். "நம்மவரை இப்படியா காட்டுவது?" என்று நமது இலக்கியக் கூட்டங்களில் கேட்கிறோம். பதிலுக்கு வள்ளல் ஒருவரைப் படைத்துக் கணக்கை நேராக்கச் சொல்வோரும் உண்டு. கேள்வியில் வலி இருக்கிறது. அந்தத் தீர்வில் இலக்கியம் இல்லை என்பதே என் எண்ணம்.

அத்தகைய கடைக்காரர் ஹட்டனில் இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய எவராலும் முடியாது. என் குறை வேறு. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பசி அன்றாடம் வருகிறது. அந்த இடைவெளியில்தான் கடன் பிறக்கிறது. சம்பளத்தைத் தீர்மானிப்பவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், கடைக்காரர் கண்ணெதிரே இருக்கிறார். அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவராக இருக்கலாம். இவற்றையெல்லாம் கண்ட பிறகு கதாசிரியர் அவரைக் கொடியவராகவே எழுதட்டும்; அந்தக் கொடுமைக்கு ஒரு வேர் இருக்கும். வேரில்லாத பாத்திரமோ சமூகம் முழுவதன் மீதும் குத்திய முத்திரையாகிவிடும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன குரல்களைக் கேட்டவர்களுக்கு அம்முத்திரையின் பாரம் தெரியும்.

வெளியார் எழுதியதால் வந்த வினையா இது? புதுமைப்பித்தன் இலங்கைக்கு வராமலே 1935இல் 'துன்பக்கேணி'யை எழுதினார். கதை தேயிலைத் தோட்டத்தில் தொடங்கவில்லை; திருநெல்வேலிச் சீமைக் கிராமமொன்றில் தொடங்குகிறது. கடல் கடக்க வைத்த வறுமையையும் சாதியையும் காட்டிய பிறகே தோட்டத்துக்கு வருகிறது. பக்கத்தில் வாழ்ந்தும் வேரைத் தேடாதவர் உண்டு, தொலைவில் இருந்து தேடியவரும் உண்டு.

விமர்சனத்திலும் இரண்டு வகை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோது, வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று மனம் புண்பட்டோர் நம்மிடையே இருந்தனர். "ஏன் சொன்னாய்?" என்பது ஒரு வகை. அதன் பின்னால் இருக்கும் அச்சத்தை நான் எள்ளமாட்டேன். எம்மைக் குத்தக் காத்திருப்பவர் கையில் நம் எழுத்தே கத்தியாகலாம். ஆயினும் அதற்காகக் கதவைச் சாத்தினால் உள்ளே அழும் பெண்ணின் குரலும் அடைபட்டுப் போகும். "இது அப்படியில்லை" என்பது மற்ற வகை. இதற்கு எழுத்தாளன் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

இதே தராசில் நாமும் ஏறவேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளை நமது கதைகளில் எப்படி எழுதுகிறோம்? சாராயம், கும்பிடு, கண்ணீர் என்ற மூன்றுக்குள் அவர்களை அடக்கிவிடவில்லையா? நாட்டில் சிறுபான்மையினரான நாம், கடை மேசைக்கு இந்தப்புறம் நிற்கும்போது பலம் உள்ளவர்கள். பேனா பிடிக்கையில் அதை மறக்கலாகாது.

லயத்து வாசகர் ஒருவர் நமது கதையைப் படித்துவிட்டு "எங்க வீடு இப்படி இல்லீங்க" என்று சொன்னால், உள்நோக்கம் தேடாமல், எந்த இடத்தில் என்று கேட்போம். அப்படிக் கேட்கப் பழகியவருக்கே கடைக்கார நானாவுக்காக வாதாடும் தகுதி வரும்.